வெள்ளையம்மாவின் இரண்டு படங்கள்

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர். திருமணமான இந்தப் பதினேழு ஆண்டுகளில் இருவரும் ஒருசேர ஈடுபட்ட காரியங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அஞ்சும் நாய்களைப் படம் பிடிப்பது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பறவைகளைப் படமெடுக்கக் கோடியக்கரைக்குப் போகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தெருநாயைப் படமெடுக்க ஊர் எல்லைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

திருச்சிக்கு வெளியே தெருநாய்களுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். விபத்தில் சிக்கியவை, வீட்டிலிருந்து விரட்டப்பட்டவை, குட்டியிலேயே தாயை இழந்தவை என்று இருபத்தைந்து நாய்களுக்கான இடத்தில் நாற்பது நாய்கள் வாழ்கின்றன. அவற்றைத் தத்துக் கொடுப்பதற்கு முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் படம் இட வேண்டும். கம்பிவலைக்குப் பின்னால் நிற்கிற நாயின் படத்தைப் பார்த்து எவரும் தொலைபேசியில் அழைப்பதில்லை என்பது காப்பகத்தை நடத்தும் அக்காவின் அனுபவம். திறந்த முற்றத்தில் விட்டாலோ பயந்த நாய் வேலியைத் தாண்டும். ஆகவே மருந்துப் பெட்டிகள் வைக்கும் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஒன்பதடி நீளம், எட்டடி அகலம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேற்கே ஒரு சன்னல். பழைய சோக்கு வைத்த ஒரு டியூப்லைட். ஓரமாக, அகற்ற இயலாத கனத்தில் ஒரு மரமேசை. இதுவே எங்கள் ஸ்டுடியோ.

சிறிய அறை என்றால் நாய் நம் கைக்குள் இருக்கும், வேலை எளிது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை. ஹெய்னி ஹெடிகர் என்ற சுவிட்சர்லாந்து விலங்கியலாளர், உயிர்க்காட்சிச்சாலைகளை நிர்வகித்தவர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு என்று எழுதினார். அந்த எல்லைக்கு வெளியே நாம் நிற்கும்வரை விலங்கு நம்மைப் பொறுத்துக்கொள்ளும். எல்லைக்குள் கால் வைத்தால் ஓடும். ஓட வழி இல்லாத இடத்தில் மேலும் நெருங்கினால் திரும்பித் தாக்கும். தெருவில் ஒரு நாய் நம்மைக் கண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறதே, அந்தப் பத்தடிதான் அதன் நிம்மதி. ஒன்பதுக்கு எட்டு அறையில் இரண்டு மனிதர்களையும் ஒரு நாயையும் வைத்துக் கதவைச் சாத்தினால் அந்தப் பத்தடியை அது எங்கே போய்த் தேடும்? கதவு சாத்தப்பட்ட கணத்திலேயே நாங்கள் மூவரும் எல்லை கடந்தவர்களாகிவிடுகிறோம். நாய்க்கு இது தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரியவில்லை. நாயின் கண்மட்டத்துக்கு இறங்கிப் படமெடுக்க வேண்டும் என்பது புகைப்படக் கலையின் பாலபாடம். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்து, அலுவலகக் கோப்பில் ஒட்டும் படம்போல் இருக்கும். எனவே ஒவ்வொரு நாயின் முன்னும் நாங்கள் பணிவுடன் குனிந்தோம். நம் ஊர்த் தெருவில் வளர்ந்த நாய்க்கு, குனிகிற மனிதன் யார்? கல் பொறுக்குகிறவன். கையில் ஒன்றும் இல்லாமல் வெறுமனே குனிந்தாலே நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிற நாய்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழிக்கு, அது கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது, சிற்பமாகப் பார்த்தால் கல் மறையும், கல்லாகப் பார்த்தால் நாய் மறையும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நயமாக விளக்கம் சொல்லி வந்திருக்கிறோம். தெருநாயிடம் கேட்டால் அந்த நயத்தை அது ஏற்றுக்கொள்ளாது. குனிந்து, கறுப்பாக ஏதோ ஒன்றைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணாடிக் கண்ணால் இமைக்காமல் உற்றுப் பார்க்கிற மனிதரை அது வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? உற்று நோக்குதல் நாய்களின் உலகில் சண்டைக்கு அழைப்பு.

வெள்ளையம்மா காப்பகத்துக்கு வந்த நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், மாலையில் சூரிய கிரகணம். இயற்பியல்காரருக்கு அது மறக்க முடியாத தேதி. இரயில்பாதைக்குக் கீழே ஒரு சிறிய பாலத்துக் குழாய்க்குள் ஒடுங்கிக் கிடந்த பெட்டை நாயைப் பையன்கள் இருவர் சாக்குப்பையில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். மூன்று வயதிருக்கலாம் என்றார்கள். இடக் காது நுனியில் வெட்டு இருந்தது. கருத்தடை செய்து விட்டதற்கான அடையாளம் அது. உடம்பில் ஒரு வெள்ளை முடிகூட இல்லை. அட்டைக்கரி நிறம். காப்பகத்தில் வேலை செய்யும் தம்பி அதற்கு வெள்ளையம்மா என்று பெயர் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. பட்டாசுக்கு முன்னரே அது அஞ்சும் இயல்பினதா, அல்லது அந்த ஓர் இரவு அதை அப்படி ஆக்கிற்றா என்பதை அறிய வழியில்லை.

2023 சனவரியில் அதைப் படமெடுக்கச் சொன்னார்கள். கறுப்பு நாய் என்றாலே படமெடுப்பவர்க்குச் சோதனை. கேமராவின் ஒளிமானி தன் எதிரே உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். சட்டம் முழுக்கக் கறுப்பு நாய் நிறைந்திருந்தால் இருட்டு என்று மயங்கி ஒளியைக் கூட்டும். நாய் சாம்பல் பூத்த பழைய குடைத்துணிபோல் வெளிறிவிடும். வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினாலோ சுவருக்காக ஒளியைக் குறைக்கும். அப்போது நாய் இருந்த இடத்தில் நாய் வடிவில் ஒரு பள்ளம் மட்டுமே தெரியும், கண் எது மூக்கு எது என்று விளங்காது. அறையில் வெளிச்சமும் போதவில்லை. சோக்கு வைத்த குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கித் தெளிவது. நம் கண் அதை அறியாது, கேமரா அறியும். நூற்றிலொரு நொடியைவிட வேகமாக ஷட்டரைத் திறந்து மூடினால் ஒரு படம் வெளுப்பாகவும் அடுத்தது மஞ்சளித்தும் வரும். வேகத்தைக் குறைத்தால் நாயின் நடுக்கம் படத்தில் கலங்கலாகப் பதியும். வெள்ளையம்மா நடுங்கிக்கொண்டே இருந்தது. எனவே ஃப்ளாஷைப் பொருத்தினோம். நேரே அடிக்கவில்லை, எங்களுக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பும்படி வைத்தோம். மென்மையான ஒளி என்று அதற்குப் பெயர். தீபாவளி வாணங்களிலிருந்து தப்பி வந்த உயிருக்கு அடைத்த அறையில் மின்னல் வெட்டுவதில் மென்மை எங்கே இருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். வெள்ளையம்மா மேசைக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றது. சிமெண்டுத் தரையில் அது கால் மாற்றி வைத்த இடமெல்லாம் ஈரப் பாதச் சுவடுகள். தண்ணீரை மிதித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும், அச்சத்திலும் வியர்க்கும் என்பதைப் பிறகுதான் படித்தோம். அது கொட்டாவி விட்டது. தூக்கம் வருகிறது போலும் என்றோம். நாக்கால் மூக்கை நக்கி நக்கி விட்டது. பசி என்றோம். துரித் ருகோஸ் என்ற நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் இவற்றையெல்லாம் அமைதிச் சைகைகள் என்று தொகுத்திருக்கிறார். தலையைத் திருப்புவது, கொட்டாவி, மூக்கை நக்குவது எல்லாம், எனக்குச் சண்டை வேண்டாம், நீயும் அடங்கு என்று எதிரிலிருப்பவரிடம் சொல்லும் சொற்கள். ஒரு மணி நேரம் அந்த நாய் எங்களிடம் மன்றாடியிருக்கிறது. நாங்கள் ஷட்டர் வேகத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

இருநூற்றுப் பதினான்கில் ஒன்று மிக நன்றாக வந்தது. வாய் அகலத் திறந்து, நாக்கு ஒரு பக்கம் தொங்க, காதுகள் பின்னே படிந்து, பெரிய கண்கள் பளபளக்க, சிரிப்பதுபோன்ற முகம். அடிவயிற்றோடு ஒட்டிக் கிடந்த வாலைச் சட்டத்துக்கு வெளியே வெட்டினோம். பின்னாலிருந்த மூலைச் சுவரை மங்கலாக்கினோம். "சாதுவான, பாசமான வெள்ளையம்மா உங்கள் வீட்டுக்கு வரக் காத்திருக்கிறாள்" என்று எழுதினோம். எழுதியவர் இலக்கியம் படித்தவர். எடுத்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை, கேமரா இருவர் கையிலும் மாறி மாறி இருந்தது. இரண்டு நாளில் பதினொரு அழைப்புகள். காப்பகத்தின் வரலாற்றில் கறுப்பு நாய் ஒன்றுக்கு இவ்வளவு பேர் கேட்டதில்லை என்று அக்கா மகிழ்ந்தார். எங்களுக்கும் பெருமைதான். மறைக்கவில்லை.

பையனும் பெண்ணுமாக இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் அழைத்துக்கொண்டு போயிற்று. ஒன்பதாம் நாள் வரைக்கும் அது கட்டிலுக்கடியிலிருந்து பகலில் வெளிவரவே இல்லையாம். பத்தாம் நாள் ஆறு வயதுப் பையன் கையில் பிஸ்கெட்டோடு கட்டிலுக்கடியில் தவழ்ந்து போயிருக்கிறான். புறங்கையில் இரண்டு பற்கள் பதிந்தன. ஆழமில்லை. தடுப்பூசி போட்ட நாய்தான் என்றாலும் பையனுக்கு நான்கு தவணை ஊசி.

பதினொன்றாம் நாள் மாலை அவன் தந்தை வெள்ளையம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார். நாங்கள் அன்று தற்செயலாக அங்கே இருந்தோம். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. கைப்பேசியில் எங்கள் படத்தை எடுத்துக் காட்டினார்.

"சார், இந்தப் படத்தப் பாத்துதான் கூட்டிட்டுப் போனோம். இந்தப் படத்துல இருக்கற நாயக் குடுங்க. இத நீங்களே வச்சுக்கங்க."

ஆட்டோ வாடகையையாவது தருகிறோம் என்றோம். வாங்க மறுத்துவிட்டார். அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பையனைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

அன்றிரவு அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கே பிசகினோம் என்று தேடுவது நோக்கம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அதில் ஒரு சிரிப்பையாவது கண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளும் ஆசைதான். வாயோரங்கள் பின்னுக்கு இழுபட்டுச் சுருக்கம் விழுந்திருந்தன. மூச்சிரைப்பு. கண்ணின் ஓரத்தில் பிறைபோல வெள்ளை தெரிந்தது. பளபளப்பு என்று நாங்கள் மெச்சியது அச்சத்தில் விரிந்த கருவிழி. நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கியபோது அந்தக் கருவிழிக்குள் வெளிச்சம் பட்ட வெள்ளைச் சுவர் ஒரு சிறு சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தின் நடுவில் குனிந்த நிலையில் இரண்டு கறுப்பு உருவங்கள்.

கண்மணிக்குத் தமிழில் பாவை என்று பெயர். எதிரில் நிற்பவரின் உருவம் சிறு பொம்மைபோல் அதில் தெரிவதால் வந்த பெயர். இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். காதலியின் கண்ணில் காதலன் தெரிவதாகவே எப்போதும் எடுத்துக்காட்டுச் சொல்வது வழக்கம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று அச்சம். அதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு நிலைக்களன்கள். மனிதருக்கு அச்சம் தருவனவற்றுள் விலங்கும் ஒன்று. விலங்கின் பக்கமிருந்து இப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதவில்லை. எழுதினால் நான்கும் நாமாகவே இருப்போம் என்று அன்று பட்டது. புரியாத வெளிச்சத்தை வரவழைக்கிற அணங்கும் நாமே, பல்லைக் காட்டுகிற விலங்கும் நாமே, இடத்தைப் பறிக்கிற கள்வரும் நாமே, கதவைச் சாத்தித் திறக்கிற அதிகாரமுள்ள இறையும் நாமே. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு என்று பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவர்களுக்கு முன்னால் ஓர் உடல் ஒரு மணி நேரம் நின்று எல்லாவற்றையும் வெளிப்படுத்திற்று. வாலை வெட்டி எறிந்துவிட்டு, பாசமான என்று எழுதினோம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைச் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். கடித்ததற்காக ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர் இருந்த நாட்டில்தான் கடித்ததற்காக வெள்ளையம்மா ஆட்டோவில் திரும்பி வந்தது. ஒப்பிடுவது முறையில்லைதான், ஒரு குழந்தையின் கை இதில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிற்பி நாய் செய்ததை எழுதினான். நாங்கள் அது செய்யாததை எழுதினோம்.

மறுபடி எடுப்பதென்று முடிவு செய்தோம். முதல் ஞாயிறு கேமராவைக் கொண்டுபோகவே இல்லை. அறைக்கதவைப் பாதி திறந்து வைத்து, வெளியே தாழ்வாரத்தின் கேட்டை மட்டும் பூட்டினோம். ஓட வழியிருக்கிறது என்று தெரிந்தால் நாய் ஓடாமலும் இருக்கும் என்பது ஹெடிகரைப் படித்ததன் பயன். நின்று குனியாமல், வாசலிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து உள்ளே போனோம். அதற்கு நேரே பார்க்காமல் பக்கவாட்டில் அமர்ந்து, ஒருவர் விடைத்தாள் திருத்தினோம், மற்றவர் செய்தித்தாள் படித்தோம். அவித்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக்கி அதன் பக்கம் உருட்டிவிட்டோம். முதல் நாற்பது நிமிடம் தொடவில்லை. பிறகு ஒன்றை எடுத்தது, எங்களைப் பாராமல்.

இரண்டாம் ஞாயிறு கேமராவைத் தரையில் வைத்தோம். அது வந்து மோந்து பார்த்துவிட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது. முக்காலியைக் காரிலேயே விட்டுவிட்டோம். மூன்று கால்களும் அதன் கண்ணுக்கு மூன்று கோல்கள்தானே. மூன்றாம் ஞாயிறு லென்ஸைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஷட்டரை அழுத்துவதும் உடனே ஒரு துண்டு ஈரலை உருட்டுவதுமாக இருந்தோம். க்ளிக், ஈரல். க்ளிக், ஈரல். பாவ்லோவின் மணிக்கும் இதற்கும் வேறுபாடில்லை. இருபது தடவைக்குப் பிறகு சத்தம் கேட்டதும் காது பின்னே படிவதற்குப் பதில் முன்னே நிமிர்ந்தது. மூக்கும் மெல்ல அசைந்தது.

எலியட் எர்விட் என்ற பெரும் புகைப்படக்காரர், 2023இல் மறைந்தவர், நாய்களின் கவனத்தைக் கவர அவற்றை நோக்கிக் குரைப்பார், ஹாரன் அடிப்பார். நாய் துள்ளும், அந்தத் துள்ளலைப் பிடிப்பார். அவர் படங்களை நாங்கள் இன்றும் விரும்பிப் பார்க்கிறோம். அவர் நாய்களுக்கு ஒரு தெரு முழுக்க இடமிருந்தது, பெரும்பாலும் கயிற்றின் மறுமுனையில் அவற்றுக்குச் சொந்தமான மனிதரும் இருந்தார். மருந்து அறைக்கு அந்தக் கலை உதவாது.

நான்காம் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு எடுத்தோம். டியூப்லைட்டை அணைத்தோம். மேற்குச் சன்னலில் ஒரு பழைய நாலுமுழ வேட்டியைக் கட்டினோம். வெயில் அதில் வடிந்து பால்போல் இறங்கிற்று. வெள்ளைச் சுவரை மறைக்க மேசைக்குப் பின்னால் தவிட்டு நிறப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 2, நூற்று அறுபதிலொரு நொடி, கறுப்புக்காக ஒளியை ஒரு படி குறைத்து வைத்தோம். குவியத்துக்காக எரியும் சிவப்பு விளக்கையும் 'பீப்' ஒலியையும் அணைத்தாயிற்று. அகலக் கோண லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டோம். அது நெருங்கச் சொல்லும், மூக்கைப் பெரிதாக்கிக் குறும்பு காட்டும். 50 மி.மீ. லென்ஸில் அந்த அறைக்குள் நாயின் தலையும் தோளும் மட்டுமே அடங்கும். போதும் என்று இருந்தோம். சன்னலை மறைக்காத இடமாகப் பார்த்து, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து, எதிர்ச் சுவரோரம் அமர்ந்தோம். கேமராவை முகத்துக்குத் தூக்காமல் மடியிலேயே வைத்து, பின்புறத் திரையைக் குனிந்து பார்த்துப் பதினாறு படங்கள். அதற்குமேல் எடுக்கவில்லை. தரை உலர்ந்திருந்தது.

அந்தப் படத்தில் வெள்ளையம்மா மேசைக்கடியில் படுத்திருக்கிறது. மோவாய் முன்கால்மேல். ஒரு காது எங்கள் பக்கமும் மற்றது கதவின் பக்கமும் திரும்பியிருக்கிறது. புருவத்தில் சிறு மேடு. கண்ணில் வேட்டி கட்டிய சன்னல் தெரிகிறது, அதில் ஆள் யாரும் இல்லை. சிரிப்பு இல்லை. மேசையின் கால்களை வெட்டி எறிய முடியும், எறியவில்லை. கீழே எழுதினோம்: "வெள்ளையம்மா. பெரும்பாலும் மேசைக்கோ கட்டிலுக்கோ அடியில் இருப்பாள். கை நீட்டக் கூடாது. ஒருமுறை கடித்திருக்கிறாள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றவள் அல்லள். பட்டாசுச் சத்தம் ஆகாது. அவித்த ஈரல் பிடிக்கும்."

அக்கா படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இப்புடி எழுதினா யாரு சார் வருவா? நீங்க ஒங்க மனசுக்காக எழுதுறீங்க டீச்சர். எனக்கு இங்க எடமில்ல" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஒரு நாய் வெளியே போனால்தான் சாலையோரம் அடிபட்டுக் கிடக்கிற இன்னொன்று உள்ளே வர முடியும். அழகான பொய்யொன்று ஒரு நாய்க்கு வீடு தருமானால் அதில் என்ன தவறு என்று கேட்பவருக்கு, பையனின் கையைத் தவிர எங்களிடம் வேறு விடை இல்லை. அதே ஆண்டு அதே அறையில் நாங்கள் எடுத்த பிற நாய்களின் மலர்ந்த படங்களால் எத்தனையோ நாய்கள் நல்ல வீடு சேர்ந்தன. அவற்றுள் சில மலர்ச்சிகளைப் பற்றியும் இப்போது எங்களுக்கு ஐயம் உண்டு. பழைய கோப்புகளைத் திறந்து வாயோரச் சுருக்கங்களைச் சோதிக்க மனம் வரவில்லை. அக்கா எங்கள் குறிப்பை மாற்றாமல் வெளியிட்டார் என்பதை மட்டும் நன்றியோடு சொல்ல வேண்டும். "கடித்திருக்கிறாள் என்பதை மட்டும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

மூன்று மாதம் ஓர் அழைப்பும் இல்லை. அந்த மூன்று மாதமும் காப்பகத்துக்குப் போகும்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வெள்ளையம்மாவின் கூண்டில் இன்னொரு நாயையும் சேர்த்து விட்டிருந்தார்கள். அது தன் பங்குச் சோற்றை மற்றதற்கு விட்டுக்கொடுத்து மெலிந்திருந்தது.

சூன் மாதத்தில் லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். படத்தைத் தாளில் அச்செடுத்து, கண்ணாடி உறையோடு பையில் வைத்திருந்தார். நாங்கள் எழுதியிருந்ததை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பது தெரிந்தது. நாயைப் பார்க்க வேண்டும் என்று அவசரப்படவில்லை. முதலில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில எவ்வளவு உயரம் வேணும் அதுக்கு? எங்க வீட்டுக் கட்டில் ஒன்றரை அடிதான் இருக்கு. செங்கல் வச்சு ஒசத்திடலாம்னு பாக்கறேன்."

உயரத்தை நாங்கள் அளந்ததில்லை. தம்பி ஓடிப்போய் அளவுநாடா கொண்டுவந்தார். மேசையின் அடிப்பக்கம் இருபத்தாறு அங்குலம்.

தீபாவளி வரும்போதெல்லாம் அவருக்குத் தொலைபேசியில் பேசுவோம். சன்னலைச் சாத்தி, மிக்ஸியை ஓடவிட்டு, தானும் தரையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். சென்ற முறை ஒரு படமும் அனுப்பினார். கைப்பேசியில் எடுத்தது. வெளிச்சம் போதவில்லை, கை அசைந்திருக்கிறது, குவியம் நாயின்மேல் விழாமல் கட்டில்காலுக்கு அடியிலிருக்கும் செங்கல்மேல் விழுந்திருக்கிறது. முக்கால் பங்கு வெறும் சிமெண்டுத் தரை. ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு, துடைத்து வைத்தாற்போல் காலி. கட்டிலின் நிழலும் நாயின் கறுப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கின்றன.